திங்கக்கிழமை கையெழுத்து

இல்லைக்கா, தூங்கலை. சும்மா கண்ணை மூடிட்டு இருந்தேன். நீங்க பேசுங்க. திண்டுக்கல் வரைக்கும் போகணும், இன்னும் தாராபுரமே வரலை. எவ்வளவு நேரம்தான் கண்ணை மூடிக்கிட்டே வர்றது.

மடியில என்னன்னா கேக்குறீங்க? ஹால் டிக்கெட்டு. எனக்கில்லை, நாப்பத்திமூணு வயசுல நான் என்ன பரீட்சை எழுதப்போறேன். எங்க ஸ்கூல்ல பன்னெண்டாவது படிச்ச பிள்ளை ஒண்ணு, நாகஜோதின்னு பேரு. படிச்சன்னு சொல்லிட்டேன் பாருங்க. பேரு இன்னும் ரோல்ல இருக்கு. திங்கக்கிழமை தமிழ்ப் பரீட்சை, இன்னிக்கு சனிக்கிழமை. இதைக் கையில குடுத்து, கையோட அவளையும் கூட்டிட்டு வந்துரலாம்னுதான் காலையில மொத பஸ்ஸப் பிடிச்சுத் திருப்பூர் போனேன். கூட்டிட்டு வரலை. இப்ப நீங்க உக்காந்திருக்கீங்களே, அது அவளுக்குன்னு நான் மனசுல நெனச்சு வெச்சிருந்த சீட்டு. தப்பா எடுத்துக்காதீங்கக்கா, சொல்லணும்னு தோணுச்சு.

உங்களுக்கும் பிள்ளை இருக்குல்ல? ஒம்பதாவதா? பொம்பளைப் பிள்ளையா? அப்ப நீங்களே கேட்டுட்டு நியாயத்தைச் சொல்லுங்க. ஏன்னா எனக்கு மனசு ஆற மாட்டேங்குது. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அந்தப் பிள்ளை அன்னிக்கு வாயத் திறந்து சொல்லியிருந்தா இவ்வளவும் நடந்திருக்காது. அதுதான் என் வருத்தம். மூணு மாசமா அதே வருத்தம்தான்.

நான் கம்ப்யூட்டர் டீச்சர். ஜெசிந்தா டீச்சர்னு சொன்னா எங்க ஊர்ல தெரியும். அரசு வேலை கிடையாது, பெற்றோர் ஆசிரியர் கழகத்துல போட்ட வேலை. பன்னெண்டு வருஷமாச்சு. ஒவ்வொரு ஜூன் மாசமும் எச்.எம். மேடம் கூப்பிட்டு, "இந்த வருஷமும் வந்துருங்க ஜெசிந்தா"ன்னு சொல்ற வரைக்கும் எனக்குச் சோறு இறங்காது. அதனாலயே நான் எதுலயும் கவனமா இருப்பேன். ஒரு குத்தம் குறை சொல்ல முடியாது. நீங்க வேணா விசாரிச்சுப் பாருங்க.

லாப்புன்னா என் லாப்பைப் பாக்கணும்க்கா. இருபது மெஷின். செருப்பு வெளிய. தண்ணி பாட்டில் வெளிய. பென்டிரைவ் கொண்டாரக் கூடாது. வாய் பேசக் கூடாது. மெஷினுக்கு மேல குட்டியா ஒரு கேமரா இருக்கும்ல, அதுல யாராவது எங்கயோ இருந்து பிள்ளைகளைப் பாத்துருவான்னு ஒரு ட்ரெய்னிங்ல சொன்னாங்க. அன்னிக்குச் சாயங்காலமே கடைக்குப் போயி கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒரு அட்டை வாங்கியாந்து, இருபது கேமராவுக்கும் பொட்டு வெச்சு மூடிட்டேன். பிள்ளைக சிரிச்சாளுக. "டீச்சர், மெஷினுக்குக் கல்யாணமா?"ன்னு கேட்டவ நாகஜோதிதான். எனக்கே சிரிப்பு வந்துருச்சு. ஆனா மேலிடத்துல இருந்து பாக்க வந்த அம்மா, இந்த யோசனை எந்த ஸ்கூல்லயும் இல்லைன்னு சொல்லி நோட்டுல எழுதிட்டே போனாங்க.

சுவத்துல பெரிய சார்ட்டு ஒட்டியிருக்கேன். என் கையெழுத்துதான். தெரியாதவங்களோட பேசாதே. போட்டோ அனுப்பாதே. கடவுச்சொல்லை யாருகிட்டயும் சொல்லாதே, மறைச்சு அடி. கீழ ஒரு பூட்டுப் படம். பூட்டை வரையவே அரை நாள் ஆச்சு. திங்கக்கிழமை திங்கக்கிழமை பிள்ளைகளை நிக்க வெச்சு அதை சத்தமா வாசிக்கச் சொல்லுவேன். முப்பத்தெட்டுப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். எந்த டீச்சர் இந்தளவு பாப்பாங்க, சொல்லுங்க?

அப்ப இந்த மெயில் விஷயம் வந்துச்சு. காலேஜுக்கு விண்ணப்பம் போட, உதவித்தொகைக்கு எழுத, எல்லாத்துக்கும் பிள்ளைக்கு ஒரு மெயில் வேணும்னுட்டாங்க. ஒரு பிள்ளைக்கும் கிடையாது. நான் ஒரே நாள்ல முப்பத்தெட்டுப் பேருக்கும் உக்காந்து போட்டேன்க்கா. சாப்பிடக்கூட போகலை. ஒவ்வொண்ணுக்கும் அப்பன் போன் நம்பர் குடுத்து, அந்தப் போனுக்கு வர்ற ஓ.டி.பி.ய வாங்கி, அப்பன் எடுக்கலைன்னா ஆத்தாளுக்குப் போட்டு... ஐயோ. சரி, பாஸ்வேர்ட் என்ன வைக்கிறது? இதுக இஷ்டத்துக்கு வெச்சா நாளைக்கே மறந்துட்டு என் முன்னாடி வந்து முழிக்கும். மறுபடி ஓ.டி.பி., மறுபடி அப்பன். அதனால எல்லாத்துக்கும் ஒரே மாதிரி வெச்சேன். பிள்ளை பேரு, பக்கத்துல அவ ரோல் நம்பர். முடிஞ்சது. யாரும் மறக்க முடியாது. எச்.எம். மேடமே, "நல்ல ஐடியா ஜெசிந்தா"ன்னு சொன்னாங்க.

என்ன, சிரிக்கிறீங்க? இல்லையா? சிரிச்ச மாதிரி இருந்துச்சு.

நாகஜோதி பாஸ்வேர்ட் அடிக்கும்போது இடது கையால மறைச்சுக்கிட்டு அடிப்பா. சார்ட்டுல அப்படித்தான் போட்டிருக்கேன், மறைச்சு அடிக்கணும்னு. மத்தவ எவளும் செய்ய மாட்டா, இவ ஒருத்திதான் செய்வா. நான் பின்னாடி போயி, "ஏண்டி, ரோல் நம்பரைத்தானே அடிக்கிற, தங்கம் வெச்சிருக்கிற மாதிரி மறைக்கிற?"ன்னு கேப்பேன். எல்லாரும் சிரிப்பாளுக. அவளும் சிரிப்பா, ஆனா கையை எடுக்க மாட்டா. அவ்வளவு பிடிக்கும்க்கா அவளை எனக்கு. சொல்லிக்க மாட்டேன், டீச்சர் சொல்லிக்கக் கூடாது. ஆனா பிடிக்கும். விரல் அப்படி ஓடும் அவளுக்கு. கோகோவும் விளையாடுவா. பி.காம் படிச்சிட்டு ஆடிட்டர் ஆபீஸுக்குப் போகணும், ஏ.சி.ல உக்காரணும்னு சொல்லுவா. அவ அப்பா வீரணன் வெங்காய மண்டியில மூட்டை தூக்குறவரு. அம்மா கிடையாது.

நவம்பர் மாசம் இருக்கும். இவ ரெண்டு மூணு தடவை வந்து என் டேபிள் பக்கத்துல நின்னா. மொத தடவை, "டீச்சர், என் மெயில்ல நான் அனுப்பாதது ஏதோ அனுப்புன மாதிரி காட்டுது"ன்னா. எனக்கு அன்னிக்கு மாடல் பரீட்சைப் பேப்பர் கட்டு கட்டா கிடக்கு. "லாப் நேரத்துல கேளு"ன்னு அனுப்பிட்டேன். லாப் நேரத்துல எந்திரிச்சு நின்னா. லாப்புல வாய் பேசக் கூடாதுன்னு விதி. விதின்னா எல்லாருக்கும்தானே? உக்காருன்னு கையக் காமிச்சேன். மூணாவது தடவை ஸ்டாஃப் ரூம் வாசல்ல நின்னா. ஒண்ணுமே பேசலை. நின்னுட்டுப் போயிட்டா. இந்தக் காலத்துப் பிள்ளைக மனசுல இருக்கிறதை வெளிய சொல்றதே இல்லைக்கா. அதுதான் பெரிய குறை. டீச்சர்கிட்ட வந்து சொன்னாத்தானே டீச்சருக்குத் தெரியும்?

தாராபுரம் வந்துருச்சு. டீ குடிக்கிறீங்களா? இல்லை, எனக்கு வேண்டாம். நீங்க போயிட்டு வாங்க, சீட்டைப் பாத்துக்கிறேன்.

வந்துட்டீங்களா. எங்க விட்டேன்? ஆங், அவ அப்பா.

டிசம்பர்ல ஒரு நாள் வீரணன் ஸ்கூலுக்கு வந்துட்டாரு. மண்டியில இருந்து நேரா வந்திருக்காரு, சட்டையெல்லாம் வெங்காயத் தோலு. ஒரு வாரமா அவர் போனுக்கு எவனெவனோ போன் பண்ணி, "நாகஜோதி இருக்காளா, கொஞ்சம் குடுங்க"ன்னு கேக்குறானாம். யாருன்னே தெரியாதவனுக. சேலத்துல இருந்து ஒருத்தன், ஓசூர்ல இருந்து ஒருத்தன். அப்புறம் மண்டியிலயே ஒரு பையன் தன் போன்ல எடுத்துக் காமிச்சிருக்கான். ஏதோ ஒரு சைட்டு, நான் கேள்விப்பட்டதே இல்லை. நான் பிளாக் பண்ணி வெச்சிருந்தது மூணே மூணு சைட்டு, இது நாலாவது. அதுல இவ போட்டோ. விண்ணப்பத்துக்கு எடுத்த போட்டோதான்க்கா, ரெட்டை ஜடை, யூனிஃபார்ம். கீழ இவ பேரு, இவ அப்பா போன் நம்பர். "பேச ஆள் வேணும்"னு எழுதியிருக்கு. அவ்வளவுதான் எழுதியிருந்துச்சு. அது போதாதா? பத்துப் பேரு முன்னாடி காமிச்சிருக்கான். பத்துப் பேரும் அந்த மனுஷன் மூஞ்சியைப் பாத்திருக்கானுக.

எச்.எம். மேடம் என்னைய வரச் சொன்னாங்க. நான் சும்மா போகலை. லாப்புல போயி ஒவ்வொரு மெஷினா திறந்து, எந்தெந்த சைட்டுக்குப் போயிருக்குன்னு பாத்தேன். ஏழாம் நம்பர்ல இருந்துச்சு. வியாழக்கிழமை, மூணு மணி பத்து நிமிஷம், அவ மெயிலைத் திறந்து, அதுல இருந்த போட்டோவை எடுத்து, அந்த சைட்டுல ஏத்தியிருக்கு. ஏழாம் நம்பர் நாகஜோதி மெஷின். வருஷ ஆரம்பத்துலயே ரெண்டு பேட்ச்சாப் பிரிச்சு, பேட்ச்சுல ஒருத்திக்கு ஒரு மெஷின்னு நான் எழுதி வெச்சிருவேன். ரெஜிஸ்டரைத் திறந்தேன். அந்த வியாழக்கிழமை, ஏழாம் நம்பர், ரெண்டு அம்பதுல இருந்து மூணு முப்பது வரைக்கும், நாகஜோதி. கையெழுத்து இருக்கு. நான் என்ன செய்யட்டும், இருந்துச்சே.

எச்.எம். ரூம்ல நாலே பேருதான். மேடம், வீரணன், பீரோ ஓரமா இவ, ரெஜிஸ்டரோட நான்.

"டீச்சர், எம்மக செஞ்சாளா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க"ன்னாரு அவ அப்பா.

மேடம் என்னையப் பாத்து, "ரெஜிஸ்டர் என்ன சொல்லுது ஜெசிந்தா?"ன்னாங்க.

நான் விரல் வெச்சு வாசிச்சேன். தேதி, நேரம், மெஷின் நம்பர், பேரு.

இவ, "மேடம், அன்னிக்கு நான் லாப்புக்கே வரலை. கிரவுண்டுல கோகோ விளையாடிட்டிருந்தேன்"னா.

விளையாட்டு டீச்சர் புவனேஸ்வரி அதுக்குள்ள மெடிக்கல் லீவுல போயிட்டாங்க, ஆபரேஷன். கூட விளையாண்ட பிள்ளைகளைக் கேக்கலாமான்னு நான்தான் கேட்டேன். நான்தான் கேட்டேன்க்கா, அதை எழுதிக்கங்க. மேடம், "கூட்டாளிக கூட்டாளிக்குத்தான் பேசும்"னு சொல்லிட்டு, ரெஜிஸ்டரை அவ பக்கம் திருப்புனாங்க. "அப்ப இது யாரு கையெழுத்து?"

அவ குனிஞ்சு பாத்தா. "என்னோடதுதான் மேடம்"னா.

அப்புறம் நிமிந்து என்னையப் பாத்தா. நான் ரெஜிஸ்டரைப் பாத்தேன்.

அவர் அடிச்சிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும். அடிக்கலை. தோள்ல கிடந்த துண்டை எடுத்து மூஞ்சியை அழுத்தித் துடைச்சாரு. என்னையப் பாத்துக் கும்பிட்டாரு. "நீங்களாவது உள்ளதைச் சொன்னீங்களே டீச்சர், நல்லாருங்க"ன்னாரு. பிள்ளை கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிட்டாரு. அவ பை கிளாஸ்லயே கிடந்துச்சு. மறுநாள் யாரோ ஒரு பிள்ளை கொண்டுபோயிக் குடுத்துச்சு.

அவ்வளவுதான். அதுக்கப்புறம் வரலை. டி.சி. வாங்கலை, ஒண்ணும் வாங்கலை. திருப்பூர்ல அத்தை வீட்டுக்கு அனுப்பிட்டாருன்னு சொன்னாங்க.

என்ன கேட்டீங்க? லாப்புக்கு வரலைன்னா கையெழுத்து எப்படி வந்துச்சுன்னா?

நீங்க எதுவும் ஸ்கூல்ல வேலை பாக்குறீங்களாக்கா? இல்லையா. அப்ப உங்களுக்குப் புரியாது. ஒரு பீரியடு நாப்பது நிமிஷம். செருப்பைக் கழட்டி, வரிசையில வந்து, மெஷினைப் போட்டு, அது எந்திரிச்சு நிக்கவே பத்து நிமிஷம் ஆயிரும். அதுல ஒவ்வொருத்தியா வந்து ரெஜிஸ்டர்ல தேதி போட்டு, நேரம் போட்டு, கையெழுத்துப் போட்டான்னா பாடம் எப்ப நடத்துறது? அதனால திங்கக்கிழமை சார்ட்டு வாசிச்சு முடிச்சதும், அந்த வாரத்துக்கு முழுக்க ஒரேயடியா கையெழுத்து வாங்கிருவேன். அஞ்சு நாளைக்கு அஞ்சு கையெழுத்து. வரிசையா போட்டுட்டுப் போயிருவாளுக. எல்லா ஸ்கூல்லயும் நடக்குறதுதான், நான் ஒண்ணும் புதுசா செய்யலை. பாக்க வர்றவங்க முதல்ல கேக்குறது மெஷினை இல்லை, ரெஜிஸ்டரை. ஒரு கட்டம் காலியா இருந்தா, "ஏன் காலி?"ம்பாங்க. என் ரெஜிஸ்டர்ல பன்னெண்டு வருஷத்துல ஒரு கட்டம் காலி கிடையாது.

அது அவளுக்குத் தெரியும்ல? முப்பத்தெட்டுப் பேருக்கும் தெரியும்ல? அங்க நிக்கும்போது, "மேடம், இது திங்கக்கிழமை போட்ட கையெழுத்து, டீச்சர் முன்னாடியே வாங்கிருவாங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? அவ சொல்லலையே. அதைத்தான் நான் கேக்குறேன். சொன்னா நான் மாட்டுவேன்னு நெனச்சாளோ என்னமோ. பதினேழு வயசுப் பிள்ளை அதையெல்லாம் நெனைக்கணும்னு யாரு கேட்டா? அவ அவளைப் பாத்துக்க வேண்டாமா?

கிறிஸ்துமஸ் லீவு முடிஞ்சு புவனேஸ்வரி டீச்சர் வேலைக்கு வந்தாங்க. ஸ்டாஃப் ரூம்ல டிபன் பாக்ஸைத் திறந்துக்கிட்டே, "அந்த வியாழக்கிழமை கடைசி ரெண்டு பீரியடும் நாகஜோதி என்கூடத்தானே கிரவுண்டுல இருந்தா, முட்டியில அடிபட்டு நான்தானே மருந்து போட்டேன்"னாங்க. "மேடம்கிட்ட சொல்லிரவா?"ன்னு கேட்டாங்க. நான்தான் வேண்டாம்னேன். முடிஞ்சு போன விஷயம், இப்பப் போயிக் கிளறுனா பிள்ளை பேருதான் இன்னும் நாறும்னு சொன்னேன். அவ நல்லதுக்குத்தான்க்கா சொன்னேன். புவனேஸ்வரி ஒரு மாதிரி பாத்தாங்க. இப்ப என்கூட உக்காந்து சாப்பிடுறதில்லை.

யாரு செஞ்சதா? யாருக்குத் தெரியும். காலி மெஷின்ல எவ வேணாலும் உக்காந்திருக்கலாம். ரோல் நம்பர் லிஸ்ட்டு கிளாஸ் கதவுலயே ஒட்டியிருக்கு. விளையாட்டுக்குச் செஞ்சிருப்பாளுக, இல்லை பொறாமைக்குச் செஞ்சிருப்பாளுக. நான் யாரையும் கேக்கலை. கேட்டா ஒண்ணு தொட்டு ஒண்ணு வரும்.

போன வாரம் ஹால் டிக்கெட்டெல்லாம் வந்துச்சு. பிள்ளைக ஒவ்வொருத்தியா வாங்கிட்டுப் போயிட்டாளுக. ஒண்ணு மட்டும் மேசையில கிடந்துச்சு. மேடம், "வராத பிள்ளைதானே, பீரோவுல போட்டு வைங்க"ன்னாங்க. என்னால போட முடியலைக்கா. அந்தப் போட்டோ, ரெட்டை ஜடை, அதே போட்டோதான் ஹால் டிக்கெட்லயும். பைக்குள்ள வெச்சு வீட்டுக்குக் கொண்டாந்துட்டேன். மூணு நாள் சாமி படத்துக்கு முன்னாடி வெச்சிருந்தேன். நேத்து ராத்திரி முடிவு பண்ணேன், நானே போயிக் குடுக்கிறதுன்னு. எந்த டீச்சர் போவாங்க, சொல்லுங்க?

அத்தை வீடு லைன் வீடு. ஒத்தை ரூமு. நான் போனப்ப அவ கம்பெனியில இருந்தா. பனியன் கம்பெனியில பிசிறு வெட்டுற வேலை. மதியச் சாப்பாட்டுக்கு வந்தா. தலையெல்லாம் நூலு, புருவத்துல நூலு. என்னையப் பாத்ததும் வாசல்லயே நின்னுட்டா. நான் பயந்துட்டேன், திட்டுவான்னு. "வாங்க டீச்சர்"னு சொல்லி, உள்ள வந்து பாயை விரிச்சுப் போட்டா. கையைக் கழுவிட்டு வந்து தண்ணி குடுத்தா. விரலெல்லாம் கத்தரிக்கோல் காய்ப்பு. மெஷின்ல அப்படி ஓடுன விரலு அக்கா அது.

ஹால் டிக்கெட்டை எடுத்து நீட்டுனேன். வாங்கிப் பாத்தா. பேரு, நம்பர், சென்டர், ஒண்ணு விடாம ரெண்டு தடவை வாசிச்சா. "தமிழுக்கு நான் படிக்கவே இல்லையே டீச்சர்"னா. சொல்லும்போது மூஞ்சி மலந்துச்சுக்கா. ரெண்டு நாள் இருக்கு, மனப்பாடப் பாட்டையாவது பாத்துக்கலாம்னு அவளே சொல்லிக்கிட்டா. அவ அத்தைதான், "எங்கண்ணன் சொல்லாம நான் அனுப்ப முடியாது"ன்னு போன் போட்டுக் குடுத்தாங்க.

அவர் கத்தலை. "எனக்கு மட்டும் ஆசை இல்லையா டீச்சர்? எழுதட்டும்"னாரு. எனக்கு உசுரு வந்துச்சு. அப்புறம் சொன்னாரு. "ஒண்ணே ஒண்ணு செய்ங்க. அன்னிக்கு உங்க நோட்டைக் காமிச்சு, இவதான்னு சொன்னீங்க. எம்மக இன்னிக்கு வரைக்கும் நான் இல்லப்பான்னுதான் சொல்றா. இவ செய்யலைன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. மண்டியில அந்தப் பத்துப் பேத்துக்கும் காமிச்சுட்டு, நாளைக்குக் காலையிலயே வந்து நானே கூட்டிட்டு வர்றேன். பேப்பர் இல்லாம இவளை ஊருக்குள்ள கூட்டிட்டு வந்தா, இவதான் தலை குனிஞ்சு நடக்கணும்."

ரெண்டு வரி. எழுதுறதுக்கு என்ன, ரெண்டே வரி. பையில பேனா இருந்துச்சு. அத்தை ஒரு நோட்டுல இருந்து தாளைக் கிழிச்சு எடுத்து நீட்டிட்டாங்க. நாகஜோதி என் கையவே பாத்துட்டு நிக்கிறா.

ஆனா என்னன்னுக்கா எழுதுறது? அவ இல்லைன்னு எழுதுனா ரெஜிஸ்டர் பொய்னு ஆகும். ரெஜிஸ்டர் பொய்னா பன்னெண்டு வருஷ ரெஜிஸ்டரும் பொய்னு ஆகும். அந்தத் தாளு மண்டியோட நிக்குமா? நாளைக்கு எவனாவது போட்டோ எடுத்துப் போட்டான்னா? ஜூன்ல என்னைய வாங்கன்னு யாரு சொல்லுவா? எனக்கும் குடும்பம் இருக்கு. "மேடம்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேங்க"ன்னேன். "சரிங்க டீச்சர்"னு போனை வெச்சுட்டாரு.

மேடத்துக்குப் போன் அடிச்சேனான்னா? அடிக்கலை. சனிக்கிழமை, வீட்டுல விசேஷம்னு சொல்லியிருந்தாங்க.

அவ ஹால் டிக்கெட்டை மடிக்காம, ஓரத்தைப் பிடிச்சு, அப்படியே என்கிட்டத் திருப்பிக் குடுத்தா. "இங்க இருந்தா அழுக்காயிரும் டீச்சர், நீங்களே வெச்சிருங்க"ன்னா.

பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட வந்தா. வேண்டாம்னேன், கம்பெனிக்கு நேரமாச்சுன்னேன். கேக்கலை. என் பையை வாங்கி அவ தோள்ல போட்டுக்கிட்டா. வெயில்னா வெயில் அப்படி அடிக்குது. எனக்குத்தான் மனசு தாங்கலை. கேட்டே கேட்டுட்டேன். "ஏண்டி நாகஜோதி, அன்னிக்கு நீ சொல்லியிருக்கலாம்ல? திங்கக்கிழமை போட்ட கையெழுத்துன்னு ஒரு வார்த்தை. ஏண்டி சொல்லலை?"

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன் டீச்சர்"னா.

கோவமா சொல்லலைக்கா. குத்திக் காட்டவும் சொல்லலை. நான் கேட்டேன், அவ பதில் சொன்னா. அவ்வளவுதான். கிளாஸ்ல பதில் சொல்ற மாதிரிதான் சொன்னா. நான் முந்தானையால மூஞ்சியை மூடிக்கிட்டு அந்த ஸ்டாப்புலயே நின்னு அழுதேன். அவதான், "அழாதீங்க டீச்சர், எல்லாரும் பாக்குறாங்க"ன்னு என்னைய மறைச்சுக்கிட்டு நின்னா.

இல்லை, டிஷ்யூ வேண்டாம், முந்தானை இருக்கு.

இந்த பஸ் வந்துச்சு. ஏறி உக்காந்தேன். அவ கீழ ஜன்னல்கிட்ட நின்னா. கண்டக்டர் விசில் ஊதிட்டாரு. அப்பத்தான் அவசரமா கேட்டா.

"டீச்சர், நம்ம கிளாஸ் பிள்ளைக பாஸ்வேர்டெல்லாம் மாத்திட்டீங்கல்ல? அதே நம்பர்தான் இருந்தா இன்னொருத்திக்கும் இப்படி ஆயிரும் டீச்சர்."

மாத்தணும்னா மறுபடி முப்பத்தெட்டு ஓ.டி.பி. வாங்கணும்க்கா. ஏன்னு கேப்பாங்க. ஏன் திடீர்னு மாத்துறீங்கன்னு மேடம் கேப்பாங்க, அப்பன்மாரு கேப்பாங்க. பரீட்சை முடியட்டும்னு நான் அதைத் தொடவே இல்லை.

"மாத்திட்டேன்மா"ன்னேன்.

"அப்பச் சரி டீச்சர்"னு சொல்லிச் சிரிச்சா. நான் சொன்னதும் நம்பிட்டாக்கா. ஒரு நிமிஷம்கூட யோசிக்கலை.